ரோயிங் மெஷின் இருந்தால் எடை தூக்க வேண்டாமா?

படகுப் போட்டி வீரர்களின் பயிற்சிக் கூடத்தில் ஒரு பக்கம் ரோயிங் மெஷின்கள் வரிசையாக நிற்கும். மறுபக்கம் பார்பெல், இரும்புத் தட்டுகள், ஸ்குவாட் ரேக். ஆண்டு முழுக்கத் துடுப்பு வலிப்பவர்கள் ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் பவர் கிளீனும் செய்கிறார்கள். உயரமான பலகையில் குப்புறப் படுத்து, கீழே தொங்கும் பார்பெல்லை மேலே இழுக்கும் ‘பெஞ்ச் புல்’ அவர்களுக்கு நன்கு பழகிய பயிற்சி. இழுப்பதையே விளையாட்டாகக் கொண்டவர்களுக்கே மெஷின் மட்டும் போதவில்லை. வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கிவிட்டால் வெயிட் பக்கமே போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மெஷின் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் துடுப்புகள் தயாரித்துவந்த டிக், பீட் டிரைசிகாக்கர் சகோதரர்கள், 1981இல் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு கான்செப்ட்2 மெஷினின் முதல் வடிவத்தை உருவாக்கினார்கள். குளிர்காலத்தில் அங்கே படகை நீரில் இறக்க முடியாது. அந்த மாதங்களிலும் வீரர்களின் மூச்சும் தாக்குப்பிடிக்கும் திறனும் குறையக் கூடாது என்பதே நோக்கம். இன்றும் ரோயிங்கில் ஒருவரின் திறனை அளப்பது 2,000 மீட்டர் சோதனைதான். ஆஸ்திரேலிய வீரர் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018இல் அதை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்தார். அவ்வளவு வலுவான ஒருவருக்கே ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால், அது இதயத்துக்கும் நுரையீரலுக்குமான சோதனை என்பது விளங்கும்.

அதற்காக மெஷினைக் குறைத்து மதிப்பிட முடியாது. கால், இடுப்பு, முதுகு, கை எல்லாவற்றையும் ஒரே அசைவில் வேலை வாங்குகிற கருவிகள் ஜிம்மில் அதிகம் இல்லை. ஒவ்வொரு இழுப்பிலும் சுமார் 60 சதவீத உழைப்பு காலுடையது, 30 உடம்புடையது, 10தான் கையுடையது என்பது கோச்சுகள் சொல்லும் கணக்கு. டிரெட்மில் ஓட்டத்தைப் போல முழங்காலில் அதிர்வும் இல்லை. உடல் எடை கூடியவர்களும் ஓடினால் மூட்டு வலிப்பவர்களும் இதில் நிம்மதியாக வியர்க்கலாம்.

சிக்கல் சுமையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 22 இழுப்பு என்று வைத்தாலும் இருபது நிமிடத்தில் 440 இழுப்பு. ஓர் அசைவை 440 முறை செய்ய முடிகிறது என்றால், ஒவ்வொரு முறையும் தசைமீது விழும் சுமை அதன் உச்ச வலிமையில் சிறு பங்குதான். வலிமை கூட வேண்டுமானால் ஐந்து, எட்டு, பன்னிரண்டு முறைக்குள் தசை களைத்துப்போகும் அளவுக்குச் சுமை வேண்டும். உடல் பழகப் பழக அந்தச் சுமை ஏற வேண்டும்.

வேகமாக இழுத்தால் சுமை ஏறாதா? ஏறும். 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்ற வேகத்துக்கு ஏறக்குறைய 104 வாட் போதும். 2 நிமிடத்துக்கு 203 வாட் வேண்டும். 1 நிமிடம் 45 விநாடிக்கு 302 வாட். ஆனால் அந்தக் கூடுதல் உழைப்பில் தொடை தளர்வதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடும். பலர் பக்கவாட்டில் இருக்கும் டேம்பரை 10இல் வைத்துவிட்டு ‘ஹெவி வெயிட்’ போடுவதாக நம்புகிறார்கள். டேம்பர் சக்கரத்துக்குள் போகும் காற்றின் அளவை மாற்றுகிறது, அவ்வளவுதான். சைக்கிளின் கியர் மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 வரை சரியாக இருக்கும்.

அடுத்தது திசை. ரோயிங்கில் கை எப்போதும் இழுக்கிறது, ஒருபோதும் தள்ளுவதில்லை. மார்பு, தோளின் முன்பகுதி, கையின் பின்தசை ஆகியவற்றுக்கு அதில் வேலை மிகக் குறைவு. கால்கள் இரண்டும் சேர்ந்தே உதைப்பதால், ஒற்றைக் காலில் நிற்கும் பலமும் பக்கவாட்டு அசைவும் பழகாமல் போகின்றன. உட்கார்ந்தே செய்வதால் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. எலும்பு உறுதிக்கு நின்று சுமை தூக்குவது அவசியம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது மிக முக்கியம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதுவரை உடற்பயிற்சியே செய்யாத ஒருவர் மெஷினில் உட்கார்ந்தால் முதல் சில மாதங்களில் தொடையும் முதுகும் கண்கூடாகவே உறுதியாகும். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த உற்சாகத்தில்தான் ‘இதுவே போதும்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். பிறகு மூச்சு முன்னேறிக்கொண்டே இருக்கும். பலம் நின்ற இடத்தில் நிற்கும். தண்டால் எடுக்கச் சொன்னால் அது வெளிப்பட்டுவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்ற பயமும் உலவுகிறது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வே இதற்கு மூலம். வலிமைப் பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் ஒன்றாகச் செய்த குழுவின் வலிமை, பத்து வாரத்தின் கடைசிக் கட்டத்தில் மேலே ஏறாமல் நின்றது. ஆனால் அவர்கள் இரண்டையுமே வாரத்தின் பெரும்பாலான நாட்களில் கடுமையாகச் செய்தவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு வாரத்தில் நான்கைந்து நாள் உடற்பயிற்சி செய்கிறவர் இதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்வது வாரம் இரண்டு நாள் இரும்பு, மூன்று நாள் மெஷின். இரும்பு நாளில் ஸ்குவாட் அல்லது பஸ்கி, டெட்லிஃப்ட், தண்டால், தலைக்கு மேல் டம்பெல் தள்ளுவது, லஞ்ச். தண்டாலையும் தோள் பயிற்சியையும் மட்டும் விட்டுவிடவே கூடாது. மெஷின் தராதது அவற்றில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் எடை முதலில், ரோயிங் பிறகு. டெட்லிஃப்ட் செய்த மறுநாள் நீண்ட ரோயிங் வேண்டாம். படகு வீரர்களை அதிகம் படுத்துவது கீழ்முதுகு வலி. களைத்த முதுகோடு கூன்போட்டு இழுத்தால் நமக்கும் அது வரும். கால் உதைத்து முடியும்வரை கை மடங்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி, அதோடு முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வாரம் குறைந்தது இரண்டு நாள் வலுவூட்டும் பயிற்சி. முதல் கணக்கை ரோயிங் மெஷின் ஒன்றே தீர்த்துவிடும். இரண்டாவதை அதனால் தீர்க்க முடியாது. மெஷின் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள், அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி ஒரு ஜோடி டம்பெல்லையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.