சுருட்டுக்கு ஃப்ரிட்ஜ் ஆகுமா?

கேள்வி: மருமகன் கியூபா சுருட்டு ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். காய்ந்து சருகாகிவிடும், நேற்றைய சாம்பார் வாசனையும் ஏறும். சுருட்டுக்குத் தேவை 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 20 டிகிரியை ஒட்டிய வெப்பம். செடார் மரப்பெட்டி இருந்தால் அழகுதான். இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் 65 அல்லது 69 என்று அச்சிட்ட ஈரப்பத பாக்கெட்டையும் சின்ன ஹைக்ரோமீட்டரையும் போட்டு மூடுங்கள். நனைத்த பஞ்சு வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

மதுரை வெயிலில்தான் வில்லங்கம். 25 டிகிரி தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டு முட்டைகள் பொரியலாம். மேலிலையில் குண்டூசி குத்தியதுபோல் துளை தெரிந்தால் அந்தச் சுருட்டைத் தூக்கிப் போடுங்கள். மற்றவற்றை ஜிப் பையில் இறுக்கி மூடி மூன்று நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு பையைப் பிரிக்காமலே ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, அதன்பின் டப்பாவுக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டால் மேலிலை வெடித்துவிடும்.