இருண்ட மாடிப்படியில் ஓர் ஒளியியல் பாடம்

எட்டாம் வகுப்பு ஒளியியலில் ஒழுங்கற்ற எதிரொளிப்பை விரைவாகக் கடந்து ஆடிகளுக்குப் போய்விடுகிறோம். 'ஒழுங்கற்ற' என்ற சொல்லைக் கேட்டதும் அது ஏதோ ஒரு குறை என்றே மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பகலில் வீட்டுக்குள் நமக்குக் கண் தெரிவது பெரும்பாலும் அந்தக் 'குறை'யின் தயவால்தான். இதை விளக்க எனக்கு உதவியது மயிலாப்பூரில் உள்ள ஒரு பழைய வீட்டின் மாடிப்படி.

மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய வீடுகள் பலவும் அகலம் குறைந்து நீண்டிருக்கும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் மேலிருந்து, முற்றம் வழியாகத்தான் வர வேண்டும். வீடுகள் பல குடித்தனங்களாகப் பிரிந்தபோது முற்றங்கள் பல மூடப்பட்டுவிட்டன. என் மாணவி ஒருத்தி குடியிருக்கும் வீட்டில், மாடிப்படி திரும்பும் லேண்டிங்கில் நவம்பர் நண்பகலிலும் இருட்டுதான். அவளுடைய பாட்டி சுவரைத் தடவிக்கொண்டு, காலால் படியைத் தேடித் தேடி இறங்குவார். படிக்கு மேலே, மொட்டை மாடித் தளத்தில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு கண்ணாடித் திறப்பு உண்டு. அவ்வளவுதான்.

"திறப்பைப் பெருசாக்கிடலாம் மிஸ்" என்றது வகுப்பு. அது மெட்ராஸ் டெரஸ் தளம். மரச் சட்டங்களின் மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிணைத்தது. நினைத்த இடத்தில் உடைத்தால் தளமே பலமிழக்கும். இன்னொருவன் தண்ணீர் பாட்டில் விளக்கைச் சொன்னான். பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்ஃபிரெடோ மோசர் 2002இல் உருவாக்கியது அது. பாட்டிலின் மேற்பகுதி வெயிலிலும் கீழ்ப்பகுதி அறைக்குள்ளும் இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு அது அருமையான வழி. இவ்வளவு கனமான தளத்தில் பாட்டில் புதைந்துதான் கிடக்கும்.

மிச்சமிருந்தது சுவர். அழுக்குத் தெரியாமலிருக்க என்றோ அடித்த கரும்பச்சை எண்ணெய்ப் பெயின்ட் அதில் இருந்தது.

ஒரு செருப்புப் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலே சிறு துளையும் பக்கத்தில் பார்வைத் துளையும் இட்டோம். அடியில் ஒரு செய்தித்தாள் துண்டு. உட்புறம் முதலில் கரும்பச்சைத் தாள், பிறகு அலுமினியத் தாள், கடைசியாக வெள்ளைத் தாள். பச்சையில் எழுத்தே தெரியவில்லை. அலுமினியத்தில் பளிச்சென்று ஒரு திட்டு. பெட்டியை நகர்த்தினால் திட்டும் நகர்ந்தது, கண் கூசியது. வெள்ளையில் எங்கும் ஒரே சீரான வெளிச்சம். இரு வகை எதிரொளிப்புக்கும் வேறுபாட்டை மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.

கணக்கும் போட்டோம். புதுச் சுண்ணாம்பு, தன்மேல் படும் ஒளியில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். கரும்பச்சைக்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை சுவரில் பட்டு இறங்கினால் வெள்ளையில் 0.8 × 0.8 × 0.8 = 0.512, அதாவது பாதிக்கு மேல் மிஞ்சும். பச்சையில் மிஞ்சுவது 0.008. தசமப் பெருக்கலைச் சலிப்பில்லாமல் வகுப்பு செய்த நாள் அது!

எந்தச் சுவர் முக்கியம்? சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 22 நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என வரைந்து, பாகைமானியால் கோடிழுத்தோம். 12 அடி கீழே இறங்குவதற்குள் கதிர் 9 அடி வடக்கே நகர்ந்துவிடுகிறது. மாடிப்படிக் கூண்டின் அகலமோ ஐந்தடி. ஆக, குளிர்காலத்தில் வெயில் லேண்டிங்கை எட்டாமல் வடக்குச் சுவரின் மேற்பகுதியிலேயே விழுகிறது. அங்கிருந்துதான் கீழே சிதற வேண்டும். ஜூனில் சூரியன் வடக்கே 80 பாகை உயரத்தில் இருப்பதால் கதிர் இரண்டடிக்குச் சற்று அதிகமாகத் தெற்கே நகர்ந்து, லேண்டிங் வரை இறங்கிவிடும்.

வரைபடத்தை மாணவி வீட்டில் காட்டினாள். பெயின்டர் வேலை செய்யும் பெற்றோர் ஒருவர், எண்ணெய்ப் பெயின்டின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, சுரண்டியாக வேண்டும் என்றார். எந்தப் பாடநூலிலும் இல்லாத வேதியியல்! பொங்கலுக்கு முன் குடித்தனக்காரர்கள் சேர்ந்து மேற்சுவர்களைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். கை படும் இடுப்பளவு உயரத்தை அப்படியே விட்டார்கள். திறப்பின் கண்ணாடியையும் பெரியவர் ஒருவர் கழுவிவிட்டார். இப்போது காலை பத்து மணிக்கு லேண்டிங்கில் படியின் விளிம்பு தெரிகிறது. நாளிதழின் தலைப்பை வாசிக்க முடிகிறது. பொடி எழுத்து இன்னும் முடியவில்லை என்று அவள் குறித்து வந்தாள்.

ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நண்பகல் 12 மணிக்குச் சற்றுப் பின், திறப்பின் வெளிச்சச் சதுரம் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, மொட்டை மாடியில் தனியாக ஏறக் கூடாது என்ற நிபந்தனையோடு.