நம் தெருக் கோரிக்கையை மன்றத் தீர்மானம் ஆக்குவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

தெருவில் மழைநீர் தேங்குகிறது. கவுன்சிலரைப் பார்த்துச் சொன்னோம். “செஞ்சிரலாம்ணே” என்றார். வேலை முடிந்தது என்று நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். உண்மையில் அங்கே எதுவும் தொடங்கவே இல்லை.

உள்ளாட்சியில் காகிதம்தான் பேசும். நம் கோரிக்கைக்கு எஸ்டிமேட் போட்டு, அது மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஒரு ‘பொருளாக’ வரிசை எண்ணோடு ஏறவேண்டும். அந்த எண் வரை எப்படிப் போவது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று பார்க்கப்போகிறோம். தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் இப்போது ஒரே சட்டம்தான்: 1998-இல் இயற்றி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். எனவே சென்னையோ சங்கரன்கோவிலோ, பாதை ஏறக்குறைய ஒன்றே.

இது யார் வேலை?

பெரும்பாலான மனுக்கள் படுத்துக்கொள்வது இந்த முதல் படியில்தான். தவறான அலுவலகத்துக்குப் போன மனு, அங்கிருந்து ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று இன்னோர் அலுவலகத்துக்குப் போய், மாதங்கள் கழித்து நம்மிடமே பதிலாக வரும்.

தெருச் சாலை, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, மயானம் – இவை உள்ளாட்சியின் வேலை. ஆனால் நம் தெரு போய்ச் சேரும் மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது. சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்திடம். ஒரே தெருவில் மழைநீர் வடிகால் ஒருவருக்கு, சாக்கடை மேன்ஹோல் இன்னொருவருக்கு. சாக்கடை பொங்குவதற்கு மாநகராட்சியைத் திட்டிப் பயனில்லை.

பூங்கா கேட்பவர்கள் ஒரு படி கூடுதலாகப் பார்க்கவேண்டும். மனைப்பிரிவு போட்டவர் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாரா? ஒப்படைக்காத இடத்தில் பொதுப்பணம் செலவிட எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். முதலில் அந்தப் பத்திரத்தைத் தேடுவோம்.

புகாரா, கோரிக்கையா?

எரிந்த பல்பை மாற்றுவது புகார். சென்னையில் 1913-க்குப் போன் போட்டால் போதும். மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் முகவரி 1100 இருக்கிறது. விளக்கே இல்லாத தெருவுக்குப் புதுக் கம்பம் நடுவது கோரிக்கை. அதற்குப் பணம் ஒதுக்கவேண்டும், ஒதுக்குவதற்கு மன்றம் வேண்டும்.

சிறு தொகை வேலைகளுக்கு ஆணையரே அனுமதி தந்துவிடலாம். அந்த வரம்பு எவ்வளவு என்பதை முதல் நாளே பொறியியல் பிரிவில் கேட்டுக்கொள்வோம். வரம்புக்குள் அடங்கும் வேலைக்கு மன்றம் வரை போய்க் காத்திருப்பது வீண்.

யாரைப் பார்ப்பது?

இரண்டு பேரை. வார்டு கவுன்சிலர் ஒருவர். அந்த வார்டைப் பார்க்கும் உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ., இன்னொருவர். கவுன்சிலரை எல்லோருக்கும் தெரியும், ஏ.இ.யைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் ஏ.இ.யைத்தான் பார்க்கச் சொல்வேன். தெருவை அளந்து எஸ்டிமேட் போடுபவர் அவர்தான். எஸ்டிமேட் இல்லாத கோரிக்கையைக் கவுன்சிலர் மன்றத்தில் முழங்கலாம். அது மறுநாள் பேப்பரில் வரும், அஜெண்டாவில் வராது.

பெரிய மாநகராட்சிகளில் நடுவே மண்டலக் குழு உண்டு. சென்னையின் 200 வார்டுகள் பல மண்டலங்களாக இருக்கின்றன. அங்கே மண்டலக் குழுத் தலைவரும் மண்டல அலுவலகமும்தான் நமக்குப் பக்கத்து வாசல்.

மனு எப்படி இருக்கவேண்டும்?

ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. சாலை, விளக்கு, கொசு, நாய் என்று நான்கையும் ஒரே மனுவில் எழுதினால் நான்கு பிரிவுகளும் ‘இது எங்களுக்கில்லை’ என்று தள்ளிவிடும்.

வார்டு எண், தெருவின் முழுப் பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, சுமாராக எத்தனை மீட்டர் – இவ்வளவும் முதல் பத்தியிலேயே வந்துவிடட்டும். ஒரே ஊரில் மூன்று காந்தி தெரு இருக்கும்; பக்கத்து அடையாளம் ஒன்றையும் சேர்ப்போம். கடைசியாகச் சாலை போட்ட ஆண்டு தெரிந்தால் எழுதலாம். தண்ணீர் நிற்கும் நேரத்தில் எடுத்த போட்டோ இரண்டு போதும். வெயில் காலத்தில் எடுத்த வடிகால் போட்டோ எதையும் சொல்லாது.

கையெழுத்துகளோடு வீட்டு எண்ணும் போன் நம்பரும் இருக்கட்டும். சங்கம் பதிவு செய்திருந்தால் லெட்டர்பேடில் எழுதுவது நல்லது. சங்கம் இல்லை என்பதற்காக யாரும் மனுவை மறுக்க முடியாது.

ஆணையர் பெயருக்கு ஒரு மனு, கவுன்சிலருக்கும் ஏ.இ.க்கும் நகல். அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் தேதி முத்திரையும் எண்ணும் வாங்காமல் நகரக்கூடாது. முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

பகுதி சபை

கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரங்களுக்குப் பகுதி சபை வந்திருக்கிறது. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டம் இது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தது. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார்.

பல வார்டுகளில் பெயருக்குத்தான் நடக்கிறது என்பது உண்மை. நாம் போனால் பெயருக்கு நடக்காது. கோரிக்கையைப் பேசிவிட்டு வராமல், நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லவேண்டும். ‘பகுதி சபையில் வைத்த கோரிக்கை’ என்ற ஒரு வரி, பிறகு எஸ்டிமேட்டுக்கான கோப்பில் நமக்காகப் பேசும்.

எஸ்டிமேட் போடும் நாள்

ஏ.இ. டேப்போடு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, தெருவில் இரண்டு பேராவது கூட இருப்போம். அகலம் எங்கே குறைகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வடிகாலை எங்கே கொண்டுபோய் இணைப்பது – இதையெல்லாம் அவருக்குக் காட்டக்கூடியவர்கள் தெருக்காரர்கள்தான். இணைக்க இடமில்லாத வடிகால் வெறும் நீளத் தொட்டி. கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம்.

இங்கேதான் ஒரு சங்கடம் வரும். டேப் விரியும்போது, யார் வீட்டுப் படிக்கட்டு, யார் வீட்டு ராம்ப் தெருவுக்குள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். வடிகால் வேண்டுமென்று முதலில் கையெழுத்துப் போட்டவர் வீட்டு ராம்ப்தான் பெரும்பாலும் ஒன்றரை அடி வெளியே இருக்கும். இதை மனு கொடுக்கும் முன்பே தெருக் கூட்டம் போட்டுப் பேசி முடித்துவிடவேண்டும். வேலை தொடங்கிய பிறகு பேசினால் கான்ட்ராக்டர் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நடுவில் அறுந்த வடிகாலில் ஒரு சொட்டும் ஓடாது.

பணம் எங்கிருந்து வரும்?

உள்ளாட்சியின் பொது நிதி, மாநில – மத்திய அரசுத் திட்டங்கள், எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி, எம்.பி. நிதி என்று பல பைகள். எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி. எந்தப் பையில் கேட்பது என்று ஏ.இ.யிடமே யோசனை கேட்கலாம். அவருக்குத்தான் எதில் மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

தெருவே பங்கு போடத் தயார் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரவேண்டும், மீதியை அரசு தரும். நீர்நிலை சீரமைப்பு என்றால் மக்கள் பங்கு பாதி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்: எஸ்டிமேட் 9 லட்சம் என்றால் நம் பங்கு 3 லட்சம். 30 வீடு இருந்தால் வீட்டுக்குப் பத்தாயிரம். எல்லா வீடும் ஒரே தொகை தரவேண்டும் என்றில்லை; கடைசி வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் பத்தாயிரம் கேட்டு நிற்பது நியாயமும் இல்லை.

மன்றக் கூட்டம்

மாதம் ஒருமுறையாவது மன்றம் கூடும். கூட்டத்துக்குச் சில நாள் முன் அஜெண்டா கவுன்சிலர்கள் கைக்குப் போகும். கவுன்சிலரிடம் அதன் நகலைக் கேட்டு வாங்குவோம். தடித்த கட்டு, மிரண்டுவிட வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதி, அடியில் அலுவலகக் குறிப்பு. நம் தெருப் பெயரைத் தேடவேண்டும். பல தெருக்களைச் சேர்த்து ஒரே பொருளாகப் போட்டிருப்பார்கள், இணைப்புப் பட்டியல் வரை புரட்டுங்கள்.

நூறு பொருளையும் ஒரே மூச்சில் ‘ஆல் பாஸ்’ சொல்லி முடிக்கும் கூட்டங்கள் உண்டு. வெளிநடப்பும் மைக் பறிப்புமாகப் பாதியில் நிற்கும் கூட்டங்களும் உண்டு. நம் பொருள் நிறைவேறியதா, ஒத்திவைத்தார்களா என்பதை அன்று மாலையே கேட்டுவிடுவோம். பார்வையாளராகப் போக விரும்பினால் மன்றப் பிரிவில் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். ஆனால் அங்கே நாம் எழுந்து பேச முடியாது. நம் வாய் கவுன்சிலர்தான்.

தெருவுக்குப் புதுப் பெயர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மன்றத் தீர்மானத்தோடு அது முடியாது, அரசின் ஒப்புதலும் வேண்டும்.

தீர்மானம் ஆயிற்று. அப்புறம்?

தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்வோம். இனி எல்லாக் கடிதமும் அந்த எண்ணில்தான் போகும்.

அடுத்தது டெண்டர். அரசின் டெண்டர் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பிறகு பணி உத்தரவு. தீர்மானத்துக்கும் பணி உத்தரவுக்கும் நடுவில்தான் பல வேலைகள் தூங்குகின்றன. டெண்டருக்கு ஆள் வராமல் மறு டெண்டர் போவதும் சகஜம். மாதம் ஒருமுறை ஏ.இ.க்கு ஒரு போன் போட்டுவிடலாம்.

வேலை தொடங்கியதும் பணி உத்தரவின் நகலையும் எஸ்டிமேட் நகலையும் கையில் வைத்திருப்போம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வீடு பள்ளமாகும், மழை வீட்டுக்குள் வரும். அப்படிச் சுரண்டுவதற்கு மில்லிங் என்று பெயர்; அது எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மெஷின் வந்த பிறகே தார் ஊற்றவிட வேண்டும். குடிநீர்க் குழாய், கேபிள் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் அதைச் சாலைக்கு முன் முடிக்கச் சொல்லி அந்தத் துறைக்கும் ஒரு கடிதம் கொடுப்போம். புதுச் சாலையை மறு வாரமே தோண்டுவது நம் ஊர்களில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

நமக்கு என்ன செலவு?

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட் இருநூறு முந்நூறு ரூபாய். நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்ட். தனிப் பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டிவிடலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ‘ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தராமல் நழுவிவிடுவார்கள். ‘இந்தத் தேதியில் கொடுத்த இந்த எண்ணுள்ள மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல், எஸ்டிமேட்டின் நகல், தீர்மானத்தின் நகல்’ என்று காகிதமாகக் கேளுங்கள்.

உஷார்!

எஸ்டிமேட் போட, ஃபைல் நகர்த்த என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. ‘நமக்கு நாமே’ பங்கை டி.டி.யாகவோ அலுவலகக் கணக்கிலோ மட்டும் செலுத்தி ரசீது வாங்குவோம். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது.

சொத்து வரி பாக்கி வைத்துக்கொண்டு மனுவில் முதல் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவை மறுக்க அது காரணமாகாது, ஆனால் கவுண்டரில் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும், புதுப் பணிக்கு அனுமதி நிற்கும். காலண்டரைப் பார்த்துக் காயை நகர்த்தவேண்டும்.

எப்போது தொடங்குவது?

உள்ளாட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நம் எஸ்டிமேட் டிசம்பருக்குள் கோப்பில் இருந்தால் பட்ஜெட்டில் இடம் கேட்கலாம். அதனால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிற்கும்போதே போட்டோ எடுத்து, அந்த வாரமே மனு கொடுத்துவிடுவது உத்தமம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. இதற்கு முன் 2016-இல் மன்றங்கள் முடிந்தபோது, அடுத்த தேர்தல் 2022 வரை நடக்கவே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள், நம் தெருவுக்காக எழுந்து கேட்கக் கவுன்சிலர் இல்லை. உங்கள் தெருவுக்கு ஏதாவது வேண்டுமென்றால், மன்றம் இருக்கும்போதே இந்த வாரம் மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.