ஜிடிஓவுக்கு எந்த இன்ஜின்?

1969 போன்டியாக் ஜிடிஓ. பானெட்டுக்கு அடியில் 400 கன அங்குல வி8. புகைக்குழாயில் நீலப் புகை வருகிறது. இன்ஜின் சூடானதும் எண்ணெய் அழுத்தம் கீழே விழுகிறது. இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும் வழிகள் மூன்று தெரியும்: இருந்தபடியே புதுப்பிப்பது, அதே பிளாக்கில் ஸ்ட்ரோக்கைக் கூட்டுவது, எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எல்எஸ்3 போன்ற புது இன்ஜினை வாங்கி வைப்பது. பலரும் குதிரைசக்தியை ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். பிளாக் இந்தக் காருடையதுதானா, அதில் இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பிளாக்கின் முன்முகத்தில், வலப்பக்க ஹெட்டுக்குக் கீழே, இரண்டெழுத்துக் குறி பொறித்திருக்கும். அந்த ஆண்டின் சாதாரண 350 குதிரைசக்தி இன்ஜின் மேனுவல் கியரோடு வந்திருந்தால் டபிள்யூடி. ஆட்டோமேட்டிக்கோடு வந்திருந்தால் ஒய்எஸ். 1968 முதல் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியையும் பிளாக்கில் பொறித்தார்கள். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம், அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதற்கான ஆவண நகலை வாங்கலாம். 1969-இல் ஜிடிஓ 72,287 கார்கள் வந்தன; அவற்றில் 'தி ஜட்ஜ்' என்ற சிறப்பு வகை 6,833 மட்டுமே. கையில் இருப்பது ஜட்ஜாகவும் பிளாக் அதனுடையதாகவும் இருந்தால் எல்எஸ் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

இதில் போன்டியாக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. செவ்ரோலே வி8-இல் இந்தக் குறி ஹெட் உட்காரும் தளத்தின் நீட்சியிலேயே இருக்கும். மேல்தளத்தைச் சமப்படுத்தச் சொல்லிவிட்டுக் கவனிக்காமல் இருந்தால் பட்டறையில் அது சீவப்பட்டுப் போய்விடும். போன்டியாக்கில் குறி செங்குத்தான முகத்தில் இருப்பதால் தப்பிவிடுகிறது.

அடுத்தது அளவு. பிளாக்கைக் கழுவி, விரிசல் சோதித்து, சிலிண்டர் சுவரின் தடிப்பை ஒலியலைக் கருவியால் அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு பிஸ்டன்கூட வாங்கக் கூடாது. தொழிற்சாலை அளவில் விட்டம் 4.12 அங்குலம், ஸ்ட்ரோக் 3.75. நம்மூர் லாரிக்காரர்கள் ரீபோர் என்று சொல்லும் அதே வேலையை ஆயிரத்தில் 30 பங்கு அங்குலத்துக்குச் செய்தால் 400 என்பது 406 ஆகும். முன்பே ஒருவர் 60 பங்கு வரை கடைந்துவிட்டிருந்தால் அந்த பிளாக்கில் இனி சக்தி தேடாமல் இருப்பது நல்லது.

இருந்தபடியே புதுப்பிப்பது என்றாலும் எல்லாவற்றையும் இருந்தபடியே விட முடியாது. முதலில் போக வேண்டியவை கனெக்டிங் ராடுகள். போன்டியாக் அந்த நாளில் வார்ப்பு ராடுகளையே போட்டது. அந்த ஆண்டு ஜிடிஓவின் உச்ச இன்ஜினான ராம் ஏர் 4-இலும் அவைதான். அரை நூற்றாண்டு சுழன்ற வார்ப்பு ராடு அதிக ஆர்பிஎம்மில் முறிந்தால் பிளாக்கின் பக்கச் சுவரையும் உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். புதிய ஃபோர்ஜ்டு ராடுகளின் விலை, எண் பொருந்தும் ஒரு பிளாக்கின் மதிப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிறகு கம்ப்ரஷன். இதில்தான் நிறையப் பணம் வீணாகிறது. 1969-இல் ஏட்டளவில் இது 10.75-க்கு 1. ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோல் கிடைத்த காலத்தின் கணக்கு அது. இன்றைய அமெரிக்க பங்குகளில் பிரீமியம் என்று கிடைப்பது 91 அல்லது 93 ஆக்டேன். இரும்பு ஹெட்டை வைத்துக்கொண்டு பழைய கணக்கிலேயே கட்டினால் ஏற்றத்தில் இன்ஜின் இடிக்கும். இடித்துக்கொண்டே ஓட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். இரும்பு ஹெட்டுக்கு 9.5 அளவில் நிறுத்துவது பாதுகாப்பு. அதற்கு 1970-களின் பிற்பகுதியில் வந்த, எரியறை பெரிதான 6எக்ஸ் ஹெட்டுகளைத் தேடிப் போடுவது பழைய வழி. அலுமினிய ஹெட் போட்டால் வெப்பம் சீக்கிரம் வெளியேறுவதால் 10, பத்தரை வரை போகலாம். நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்: காரோடு வந்த ஹெட்டுகளை விடாமல், மேற்புறம் குழிந்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுவது. வெளியே எதுவும் மாறாது.

ராடும் பிஸ்டனும் எப்படியும் புதிதாக வாங்கத்தான் போகிறீர்கள். அப்படியானால் இரண்டாவது வழிக்கு மிஞ்சியிருப்பது கிராங்க் செலவு மட்டும்தான். ஸ்ட்ரோக்கர் கிட் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை. 4.25 அங்குல ஸ்ட்ரோக், 400-இன் 3 அங்குல மெயின் ஜர்னலுக்கே செய்த கிராங்க், 6.8 அங்குல ராடுகள், 4.155 அங்குலத்துக்குக் கடைந்த சிலிண்டர்: கூட்டினால் 461 கன அங்குலம். போன்டியாக்கின் சொந்த 455 கிராங்க் இதில் அப்படியே உட்காராது. அதன் மெயின் ஜர்னல் 3.25 அங்குலம். பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு 461 என்று தெரியவே தெரியாது. ஆனால் ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்ததும், ஆயிரத்தைந்நூறு ஆர்பிஎம்மிலேயே, ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். நல்ல ஹெட்டும் சேர்ந்தால் 450 குதிரைசக்தியைத் தாண்டுவது சிரமமில்லை.

ஸ்ட்ரோக் கூடினால் அதே எரியறையில் கம்ப்ரஷனும் தானாக ஏறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பிஸ்டன் குழிவு 406-க்கு வாங்குவதைவிட ஆழமாக இருக்க வேண்டும். ரேடியேட்டர், கிளட்ச், பின் அச்சு மூன்றையும் அதே பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்எஸ்3 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6.2 லிட்டர், 430 குதிரைசக்தி, இரும்பு போன்டியாக்கைவிட ஏறக்குறைய 200 பவுண்டு எடை குறைவு. 350-க்கும் 430-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிடப் பெரிது: அமெரிக்க நிறுவனங்கள் 1972-இல் நெட் கணக்குக்கு மாறுவதற்கு முன், புகைக்குழாயும் துணைக் கருவிகளும் இல்லாத இன்ஜினை அளந்து சொன்ன கிராஸ் கணக்குதான் அந்த 350. தினமும் ஓட்டவும் நாலு மாநிலம் தாண்டிப் போகவும் கார் வேண்டும், எண்ணும் பொருந்தவில்லை என்றால் இதுவே சரி. இன்ஜின் விலையோடு செலவு நிற்காது. பெட்ரோல் டேங்கிலிருந்து வயரிங், ஆயில் பேன், கியர்பாக்ஸ் வரை கை வைக்க வேண்டும். எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் வேறு. நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலமே உச்சம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் போட்டிருந்த விதியைச் சுற்றிப் போய், போன்டியாக் 1964-இல் தன் டெம்பெஸ்ட் காருக்குள் 389-ஐ வைத்ததால்தான் ஜிடிஓ என்ற கார் உண்டாயிற்று. போன்டியாக் இன்ஜினை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகை.

பிளாக் விரிசல் விட்டிருந்தால்கூட வேறொரு போன்டியாக் 400 கிடைக்கும். 326 முதல் 455 வரை வெளி அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் மவுண்டுகளை மாற்ற வேண்டியதில்லை. 1975 முதல் வந்த, வார்ப்பு எண் 500557 கொண்ட பிளாக்கை மட்டும் ஸ்ட்ரோக்கருக்கு எடுக்காதீர்கள். அதில் இரும்பைக் குறைத்துவிட்டார்கள்.

கேம் விஷயத்தில், 406 கட்டுபவர் ஃப்ளாட் டாப்பட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். துத்தநாகம் போதுமான எண்ணெய் ஊற்றி, முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் சுற்றில் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். தவறினால் கேம் லோப் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் புது பேரிங்குகளுக்குள் போகும். 461-க்கு ஹைட்ராலிக் ரோலர் கேம் போடுவதே மேல், விலை கூடினாலும்.

எந்த போன்டியாக் கட்டினாலும் இரண்டு பழைய சரக்கு திரும்ப உள்ளே போகக் கூடாது. ஒன்று, நைலான் பல் வைத்த டைமிங் சக்கரம். அந்தப் பற்கள் உதிர்ந்து ஆயில் பேனில் கிடப்பதைப் பிரிக்கும்போதே பார்ப்பீர்கள். மற்றது, கிராங்கின் பின்பக்கத்துக் கயிறு சீல். அசல் வேண்டும் என்பவர்கள்கூட இதை மாற்றிவிடுகிறார்கள், கராஜ் தரையை நினைத்து. பட்டறையிலிருந்து எடுக்கும் முன் கிராங்க், ராட், பிஸ்டனைச் சேர்த்து பேலன்ஸ் செய்தார்களா என்று கேட்டு, ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளி அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.