ஆவுடையார்கோயில் கொடுங்கையும் பெயரறியாச் சிற்பியும்

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயில் ஆத்மநாதர் கோயிலின் கொடுங்கைகள் கட்டடச் சிற்பத்தின் உச்சமாகப் போற்றப்படுகின்றன. அவற்றைச் செதுக்கியோரைத் தச்சர் வழக்காறும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளும் எவ்வாறு அடையாளப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடுங்கையின் அமைப்பு

மாணிக்கவாசகர் வரலாற்றோடு இணைந்த திருப்பெருந்துறையே இன்றைய ஆவுடையார்கோயில். கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. அருவ வழிபாடு நிகழும் இத்தலத்தின் மண்டபங்களோ உருவச் சிற்பங்களால் நிறைந்துள்ளன.

கொடு என்பது வளைவு. வளைந்த கைபோல் தூண்வரிசைக்கு வெளியே நீண்டு இறங்கும் கூரைவிளிம்பே கொடுங்கை. சிற்பநூலார் இதனைக் கபோதம் என்பர். மழையையும் வெயிலையும் தடுப்பது இதன் பயன். இங்குக் கொடுங்கையின் அடிப்புறத்தில் மரக்கூரையின் கைமரங்கள், குறுக்குச் சட்டங்கள், ஆணித்தலைகள் ஆகியன கல்லிலேயே வடிக்கப்பட்டுள்ளன. கல்லுக்கு ஆணி தேவையில்லை. ஆகவே இவை கட்டுமானத் தேவையால் எழுந்தவை அல்ல; மரத்தச்சின் நினைவைக் கல்தச்சர் பேணியதன் சான்றுகளாகும். வெளியே நீளும் கல் மெலியுந்தோறும் பாரம் குறையும். ஆனால் ஓர் உளி பிழைப்பினும் பலகை முழுதும் வீணாகும்.

‘நீங்கலாக’ என்னும் சான்று

கோயிற்பணி ஒப்பந்தத்தில் ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி, தாரமங்கலம் தூண் முதலியவை நீங்கலாக எப்பணியையும் செய்து தருவதாகச் சிற்பிகள் எழுதுவர் என்பது செவிவழிச் செய்தி. பாராட்டுரைகளினும் இது வலியது. தொழிலறிந்தோர் தம் திறனுக்குத் தாமே வகுத்த எல்லை இது. இவ்விலக்கு முன்னோர் பெயரைச் சொல்லாமலே அவர்தம் ஆற்றலைப் பதிவுசெய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள்

இராம் ராஸ் எழுதிய இந்துக் கட்டடக்கலை பற்றிய ஆங்கில ஆய்வு, அவர் மறைவுக்குப்பின் 1834இல் இலண்டனில் வெளிவந்தது. சிற்பநூற் கலைச்சொற்களைப் பண்டிதரால் மட்டும் விளக்க இயலாத நிலையில், தஞ்சைச் சிற்பி ஒருவரின் துணையை அவர் நாடினார். நூல் இராம் ராஸ் பெயரால் நிலைபெற்றது. சிற்பியோ குலத்தாலும் ஊராலும் மட்டுமே சுட்டப்பட்டார். மாறாக, 1865இல் பம்பாய்க் கலைப்பள்ளிக்குக் கட்டடச் சிற்பம் கற்பிக்க வந்த ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் பிறப்பு, பதவிகள், படைப்புகள் அனைத்தும் ஆவணமாகியுள்ளன. இவ்வேறுபாடு திறனால் விளைந்தது அன்று, பதிவுமரபால் விளைந்தது.

முடிவுரை

பெயரில்லாமை வரலாறில்லாமை ஆகாது. உளித்தடம், கலைச்சொல், ஒப்பந்த வழக்கு ஆகிய மூன்றும் சிற்பியின் வரலாற்று மூலங்களே. திருப்பணியின்போது கல்லின் மேற்பரப்பைத் தேய்த்து அகற்றுவது அம்மூலங்களுள் முதன்மையானதை அழிப்பதாகும். இன்றைய திருப்பணிக் கல்வெட்டுகளில் உபயதாரர் பெயரோடு பணிசெய்த சிற்பியர் பெயரும் இடம்பெறின், வருங்கால ஆய்வாளர்க்கு இக்குறை நேராது.