தலைவர் நாற்காலியில் உட்காரப் போகிறீர்களா?

ஆரம்பாக்கம் பக்கத்துப் பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் மகளிர் குழு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, ஊராட்சி என்று தலைவர் பதவிகள் பல. பதவி ஒருநாளில் கிடைத்துவிடும். கூட்டத்தைத் தன் கையில் வைத்திருப்பதுதான் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு ஐந்து யோசனைகள்.

1. நீங்களே உட்காருங்கள்

ஆரம்பாக்கம் இருக்கும் அதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில், ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தை 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடவில்லை. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். செய்தி வெளியான பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வந்தது: மற்றவர்கள் நாற்காலியில், பட்டியல் சாதிப் பெண்ணான ஊராட்சித் தலைவர் தரையில்.

பட்டியல் சாதி, பழங்குடியினத் தலைவர்களை ஊராட்சிப் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படி நடந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் கணவரோ முன்னாள் தலைவரோ உட்காரவும் இடம் கொடுக்காதீர்கள்.

2. பொருளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாள்கள். அன்று காலை செயலாளர் நீட்டும் தாளை அப்படியே வாசிக்கக் கூடாது. சில நாள் முன்பே தெருத்தெருவாகக் கேட்டு, குடிநீரோ படகுத்துறையோ, அவசரமானதை முதலில் வையுங்கள்.

3. பேசும் முறையைப் பங்கிடுங்கள்

பழவேற்காடு ஏரியில் பட்டினவ மீனவர்களிடம் 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில் யார், எப்போது வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. கூட்டத்திலும் அதுபோலப் பேச்சுக்கு முறை வையுங்கள். பேசியவரே மறுபடி எழுந்தால் பேசாதவரைக் கூப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பாடு முறையில் பெண்களுக்கும் மற்ற சமூகத்தாருக்கும் பங்கில்லை. உங்கள் கூட்டத்தில் அவர்களின் முறை முதலில் வரட்டும். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவர் முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

4. உங்கள் விஷயம் என்றால் எழுந்துவிடுங்கள்

உங்கள் உறவினருக்குக் கடனோ ஒப்பந்தமோ விவாதத்துக்கு வந்தால், அந்தப் பொருளை மட்டும் துணைத் தலைவர் நடத்தட்டும். எழுந்ததையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் வரும் பழிக்கு அதுவே பதில்.

5. தீர்மானப் புத்தகத்தைக் கவனியுங்கள்

யார் செய்வது, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இல்லாத தீர்மானம் வெறும் பேச்சு. எழுதியதைக் கூட்டம் கலையுமுன் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போடுங்கள். பிறகு யாரும் அதில் ஒரு வரியைச் செருக முடியாது. வெற்றுப் பக்கத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த கூட்டத்தை, போன கூட்டத் தீர்மானங்களில் எது முடிந்தது, எது நிற்கிறது என்று வாசித்துத் தொடங்குங்கள். தொடர்ந்து இப்படி நடத்தினால், சொன்னதைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையோடு ஊர் கூட்டத்துக்கு வரும்.