ஒலிம்பிக்கும் ஒரு நாள் கூலியும்



இந்த ஆண்டு விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். "ஓடினா காசு குடுப்பாங்களாடா?" என்று கேட்டது எங்கம்மா. "சர்டிபிகேட்தாம்மா" என்றேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது என்பது நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது.

கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் கி.மு. 776-ல் நடந்ததுதான் பதிவில் உள்ள முதல் ஒலிம்பிக். சுமார் 192 மீட்டர் ஓட்டத்தில் வென்ற கொரோய்போஸ் ஒரு சமையல்காரர் என்கிறார்கள். மைதானத்தில் பரிசு ஆலிவ் இலைக் கிரீடம் மட்டுமே. ஆனால் ஊர் திரும்பினால் பணமும் மரியாதையும் உண்டு. அடிமைகளும் பெண்களும் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த இப்போட்டி, ரோமப் பேரரசில் பழைய தெய்வ வழிபாடுகள் தடை செய்யப்பட்ட காலத்தில் நின்றுபோனது.

1896-ல் ஏதென்ஸில் ஒலிம்பிக் மீண்டும் பிறந்தது. அங்கே மாரத்தானை வென்ற ஸ்பிரிடன் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். ஆனால் ஐரோப்பியப் பணக்காரர்கள் 'அமெச்சூர்' என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். காசுக்காக விளையாடியவன் போட்டிக்கு வரக்கூடாது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் இன்னும் மோசம். கூலிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக், கைத்தொழிலாளி யாருமே சேரக்கூடாது என்று 1879-ல் எழுதி வைத்தார்கள். 1937 வரை அது நீடித்தது!

அமெரிக்கப் பழங்குடி மாணவர் ஜிம் தோர்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் 1909, 1910-ல் சிறு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913-ல் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். வசதியான மாணவர்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடித் தப்பித்தார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார். 1953-ல் இறந்தார். 2022-ல்தான் அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஏற்றது.

காசு வேண்டாம் என்று சொல்ல, வீட்டில் அரிசி இருக்கிறவனால்தான் முடியும். லீவில் லேத் பட்டறைக்குப் போய்ப் பீஸ் கட்டுகிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது. அன்றைய ஹென்லியில் என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், தடகளத் தனிநபர் தங்கம் ஒவ்வொன்றுக்கும் உலகத் தடகள அமைப்பு 50,000 டாலர் கொடுத்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நல்லா ஓடு" என்றது.